படைக்கலம் விற்பார் பேசும் மாந்த உரிமை

வல்லரசுகள் பிற நாடுகளில் மாந்த உரிமையைப் பரப்புதல் தகுமா, தகாதா என்று நம் அன்பர் சிலர் சொற்போர் நிகழ்த்துகின்றனர். வினாவே பிழை. பரப்புவதற்கு முன், அவ்வுரிமையை அழிக்கும் கருவியை விற்பவர் யார் என்றன்றோ கேட்டல் வேண்டும்?

வங்காளியர் வரலாற்றைப் பாருங்கள். தாய்மொழிக்காக 1952 பிப்பிரவரி 21இல் தாக்காத் தெருவில் குருதி சிந்திய இனம் அது. 1970 திசம்பர்த் தேர்தலில் முசிபுர் இரகுமானின் கட்சி பாக்கித்தான் முழுமைக்குமே பெரும்பான்மை பெற்றது. ஆட்சியைத் தர மனமில்லாப் படைத்தலைவர்கள் 1971 மார்ச்சு 25 இரவில் படையை ஏவினர். பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர் கொன்று குவிக்கப்பட்டனர். அன்று தாக்காவுள் புகுந்த கவச ஊர்திகள் அமெரிக்கா கொடுத்தவை.

அங்கிருந்த அமெரிக்கத் துணைத்தூதர் ஆர்ச்சர் பிளட்டு வாளாவிருக்கவில்லை. தம் அரசின் வாய்வாளாமை அறக்கேடு என்று அமெரிக்க அலுவலர் இருபதின்மர் ஒப்பமிட்ட மறுப்புரையை, ஏப்பிரல் 6இல் தொலைவரிவழி வாசிங்டனுக்கு விடுத்தார். (வல்லரசின் ஊழியத்திலும் நெஞ்சுரம் உடையார் உளர் போலும்!) பயன் என்ன? நிக்சனும் கிசிங்கரும் சீனத்தொடு மறைவாக உறவாட முனைந்திருந்த காலம் அது. அதற்கு இடைத்தூது பாக்கித்தான். அவ்வாண்டு சூலையில் கிசிங்கர் சீனத்துக்கு மறைவாகப் பறந்ததும் அந்நாட்டிலிருந்துதான். எனவே பிளட்டு தாக்காவிலிருந்து அகற்றப்பட்டார். படைக்கலத் தடை என்று ஊரறியக் கூறிவிட்டு, முன்னரே உரிமம் பெற்றவை என்னும் பெயரால் கப்பல் கப்பலாக அனுப்பினர். ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் ஏதிலியராய் இந்தியாவுக்கு ஓடிவந்தனர்.

1977இல் கார்ட்டர் வந்தார்; மாந்த உரிமையை அயலுறவுக் கொள்கையாக அறிவித்தார். அவர் காலத்திலும், கிழக்குத் திமோரை விழுங்கிய இந்தோனேசியாவுக்குப் போர் வானூர்தி விற்றனர். 1999 செப்டம்பரில் கிளிண்டன் படைத்துறை உறவையும் விற்பனையையும் நிறுத்தினார். கடன் நின்றுவிடும் என்னும் அச்சமும் சேர்ந்தது. சில நாள்களிலேயே அயற்படை புக இந்தோனேசியா இசைந்தது. 24 ஆண்டு உரைகள் செய்யாததை, கொடுத்த கையை மடக்கியமை செய்தது!

பேசாமையினும் பேசுதல் நன்றன்றோ என்பார்க்கு ஈழத்தைக் காட்டுவேன். வன்னியில் குண்டு பொழிந்த கிபீர் வானூர்தி இசுரேலில் செய்யப்பட்டது. அதன் பொறியோ அமெரிக்க வடிவமைப்பு. 2012இல் செனீவாவில் இலங்கை அரசின்மேல் தீர்மானம் கொண்டுவந்ததும் அதே அமெரிக்கா. அத்தீர்மானத்தை யான் பழிக்கவில்லை. முள்ளிவாய்க்காலுக்கு மூன்றாண்டு பிந்தி வந்தது என்கின்றேன். இனி வல்லரசுகளுக்கு முறையீடு எழுதும் நம் இளைஞர், உரிமையைக் காத்தருள்க என்று கெஞ்சற்க. எம்மவரைக் கொன்றாருக்கு எவ்வாண்டில் என்ன விற்றீர், அதற்கு ஒப்பமிட்டவர் எவர் என்று கேட்டு எழுதுக.