பட்டமே கிடைக்கல்ல, அதுக்குள்ள பேராசிரியராம்!



முதுமாணி படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்போது அடிக்கடி ஒரு மின்னஞ்சல் வருகிறது. "மதிப்புக்குரிய பேராசிரியரே, தங்கள் ஆய்வைப் படித்து வியந்தோம். எமது சர்வதேசச் சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை தாருங்கள்." கல்வியியல் படிப்பவரிடம் பல் வைத்தியக் கட்டுரை கேட்கும் கடிதமும் உண்டு. எதைப் படித்து வியந்தார்களோ!

கட்டுரையை அனுப்பினால் இரண்டு மூன்று நாளில் "ஏற்றுக்கொண்டோம்" என்று பதில் வரும். துறை தெரிந்தவர்கள் வாசித்து, குறை சொல்லி, திருத்தி வாங்க மாதக்கணக்கில் ஆகும் வேலை அது. பிறகுதான் டொலரில் பில் வரும். வேண்டாம் என்றால் விலக்கிக்கொள்ளவும் காசு கேட்பார்கள். அங்கே மாட்டிய கட்டுரையை வேறு நல்ல சஞ்சிகைக்கும் கொடுக்க முடியாது.

ஹைதராபாத்தின் ஒமிக்ஸ் நிறுவனம் இப்படிக் கட்டணத்தை மறைத்து ஆய்வாளர்களை ஏமாற்றியதற்காக, 5 கோடி டொலருக்கு மேல் செலுத்துமாறு 2019இல் அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. 2013இல் ஜோன் பொஹனன் என்பவர், வேண்டுமென்றே பிழைகளை நிரப்பி எழுதிய போலிக் கட்டுரையை 304 சஞ்சிகைகளுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 சஞ்சிகைகள் ஏற்றுக்கொண்டன!

ஏமாறும் பிள்ளைகள் மீது எங்களுக்குக் கோபமில்லை. தெரிந்தே காசு கட்டுகிறவர்களைத்தான் சொல்கிறோம். பதவி உயர்வுக்குப் புள்ளி வேண்டும், பெயருக்கு முன்னால் ஒரு அடைமொழி வேண்டும். பரீட்சை மண்டபத்தில் துண்டு வைத்திருந்த பிள்ளையை நாங்கள் பிடிக்கிறோம். காசு கொடுத்து "சர்வதேச ஆய்வாளர்" ஆனவருக்கு ஊர்கூடிப் பொன்னாடை போர்த்துகிறது. அந்தப் பிள்ளை எங்களைப் பார்த்து என்ன நினைக்கும்?

சங்கங்களின் பொறுப்பாளர்களே, பதாகை அடிக்க முன்னர் அவரிடம் இதை மட்டும் கேளுங்கள்: கட்டுரையை மதிப்பாய்வு செய்தவர்கள் என்ன திருத்தம் சொன்னார்கள்? உண்மையாக எழுதியவர் அரை மணித்தியாலம் பேசுவார். மற்றவர் கதையை மாற்றுவார்.

கட்டணம் வாங்கும் சஞ்சிகை எல்லாம் மோசடி இல்லை. நல்ல சஞ்சிகைகளிலும் கட்டணம் உண்டு, ஆனால் அதை முன்கூட்டியே பகிரங்கமாகப் போட்டிருப்பார்கள். எங்கள் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் சஞ்சிகைகள் பலவற்றை 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' தளத்தில் பார்க்கலாம். பிள்ளைகளே, இப்படி மின்னஞ்சல் வந்தால் பதில் போட முன்னர் உங்கள் மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். காசு கட்டச் சொல்லி அவசரப்படுத்தினால், கட்டாதீர்கள்.