மருத்துவர்களின் உண்டியல்

அமெரிக்காவில் கண் மருத்துவராகப் பணிபுரியும் தம் மகனுக்கு, அவர் சார்ந்துள்ள சங்கத்திலிருந்து ஆண்டுதோறும் நன்கொடை கேட்டுக் கடிதம் வருவதாகவும், அந்தப் பணம் ஏழை நோயாளிகளுக்கன்றித் தேர்தலில் நிற்போருக்குப் போய்ச் சேர்வதாகவும், இது லஞ்சத்தில் சேருமோ என்று மகன் தயங்குவதாகவும் தாயார் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தகுதி இப்பகுதியை எழுதுபவனுக்கு இல்லை. அதை உலமாப் பெருமக்கள் சொல்லட்டும். ஆனால் தீர்ப்புக் கேட்கப் போகுமுன், அந்தப் பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, போய் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா?

அமெரிக்கச் சட்டப்படி ஒரு சங்கமோ கம்பெனியோ தன் பொதுப் பணத்தை நாடாளுமன்ற வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுக்க முடியாது. அதற்கெனத் தனியே ஓர் உண்டியல் வைத்து, உறுப்பினர்கள் மனமுவந்து போடுவதை மட்டுமே கொடுக்கலாம். 'அரசியல் நடவடிக்கைக் குழு' என்பது அந்த உண்டியலின் பெயர். சுருக்கமாகப் 'பேக்' என்பார்கள். கண் மருத்துவர்களுக்கு 'ஆப்த்பேக்', தோல் மருத்துவர்களுக்கு 'ஸ்கின்பேக்', அவசர சிகிச்சை மருத்துவர்களுக்கு 'நெம்பேக்' என்று ஒவ்வொரு துறையினரும் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஓர் உண்டியலில் ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் போட இயலாது. உண்டியலும் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலருக்கு மேல் கொடுக்க இயலாது. உட்கட்சித் தேர்தலையும் பொதுத் தேர்தலையும் சேர்த்தால் 10,000. ஆண்டில் 200 டாலருக்கு மேல் கொடுத்தவரின் பெயரும் ஊரும் தொழிலும் தேர்தல் ஆணையத்தின் பதிவேட்டில் ஏறிவிடும். எவரும் புரட்டிப் பார்க்கலாம். இன்னொன்று: குடியுரிமை பெற்றவரும் கிரீன் கார்டு பெற்றவருமே கொடுக்கலாம். வேலை விசாவிலோ பயிற்சி விசாவிலோ இருப்பவர் ஒரு டாலர் கொடுப்பதும் குற்றம். மகன் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைத் தாயார் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆக, இது இருட்டில் கைமாறும் உறையன்று. வரம்பும் கணக்கும் உள்ள பணம். அதனால் மட்டும் அது தூய்மையாகிவிடுமா என்பது வேறு கேள்வி. அதற்கு வருமுன், மருத்துவர்கள் அரசியலில் இறங்கிய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பெண்களுக்குச் சுவையான கதை.

முதியோருக்கு அரசே மருத்துவக் காப்பீடு அளிக்க வேண்டும் என்று கென்னடியின் அரசு 1961-இல் முயன்றது. எல்லாத் துறை மருத்துவர்களுக்கும் தாய்ச் சங்கமான அமெரிக்க மருத்துவச் சங்கம் அதனை மூர்க்கமாக எதிர்த்தது. அந்த ஆண்டிலேயே தனக்கென ஓர் அரசியல் உண்டியலையும் தொடங்கியது. ஆனால் பணத்தைவிட அது நம்பியது மருத்துவர்களின் மனைவியரை. அக்காலத்தில் நடிகராயிருந்த ரொனால்ட் ரீகனைப் பேசவைத்து ஓர் இசைத்தட்டு தயாரித்தார்கள். மருத்துவரின் மனைவி அக்கம்பக்கத்துப் பெண்களைக் காபிக்கு அழைப்பார். இசைத்தட்டைச் சுழல விடுவார். அரசு மருத்துவம் வந்தால் நாட்டின் சுதந்திரமே பறிபோகும் என்ற ரீகனின் குரலைக் கேட்டு முடித்த சூட்டோடு, வந்தவர்கள் தத்தம் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவார்கள். கடிதங்கள் யாரும் சொல்லிக்கொடுத்து எழுதியவையாகத் தோன்றக் கூடாது என்பதிலும் கவனமாயிருந்தார்கள். 'காபிக் கோப்பை நடவடிக்கை' என்பது இதற்கு வழங்கிய பெயர். பின்னாளில் குடியரசுத் தலைவரான ரீகனின் அரசியல் வாழ்வில் இந்த இசைத்தட்டுக்குப் பெரும் பங்குண்டு.

இத்தனைக்கும் பிறகு, 1965 ஜூலை 30 அன்று ஜான்சன் கையொப்பமிட்டு 'மெடிகேர்' என்னும் அந்தக் காப்பீடு சட்டமாகிவிட்டது. சுதந்திரம் பறிபோகவில்லை. மாறாக, இன்று அந்நாட்டில் கண்புரை அறுவை செய்துகொள்ளும் முதியோரில் பெரும்பாலோருக்கு மருத்துவரின் கட்டணத்தைச் செலுத்துவது மெடிகேர்தான். எதை வரவிடாமல் தடுக்கக் காபி ஊற்றினார்களோ, அதன் தொகை குறையாமல் காப்பதற்கு அவர்களின் வாரிசுகள் உண்டியல் வைத்திருக்கிறார்கள்! 1997-இல் வந்த ஒரு சட்டம் மெடிகேர் கட்டணத்தை ஒரு சூத்திரத்தில் கட்டிப்போட்டது. சூத்திரம் வெட்டச் சொன்ன ஒவ்வொரு முறையும் மருத்துவச் சங்கங்கள் வாஷிங்டனுக்கு ஓடின. நாடாளுமன்றம் சில மாதங்களுக்கோ ஓராண்டுக்கோ வெட்டைத் தள்ளிவைத்தது. இப்படி 17 முறை. 2015 ஏப்ரலில்தான் அந்தச் சூத்திரம் அடியோடு நீக்கப்பட்டது. ஒரே தடவையில் முடித்திருக்கக் கூடிய வேலையை ஏன் இத்தனை முறை இழுத்தார்கள் என்று கேட்டால், ஆண்டுதோறும் நெருக்கடி இருந்தால்தானே ஆண்டுதோறும் நன்கொடை வரும் என்று சிலர் புன்னகைக்கிறார்கள். அந்தப் புன்னகையை அலட்சியப்படுத்த நமக்கு மனம் வரவில்லை.

ஆயினும் கட்டணம் ஒன்றுக்காகவே இவர்கள் அலைகிறார்கள் என்றால் அது நியாயமாகாது. அமெரிக்கக் கண் மருத்துவ அகாதமி ஆண்டுதோறும் வசந்த காலத்தில் வாஷிங்டனில் ஒரு கூட்டம் நடத்துகிறது. பல மாநிலங்களிலிருந்தும் வரும் மருத்துவர்கள், பயிற்சியிலிருக்கும் இளைஞர்கள் உட்பட, ஒரு நாள் முழுதும் தங்கள் தொகுதி உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு ஏறி இறங்கிப் பேசுகிறார்கள். தன் தொகுதியில் வாக்குள்ள மருத்துவர், தான் பார்க்கும் நோயாளியின் துன்பத்தைத் தன் வாயால் சொல்லுவதற்குப் பணம் எதுவும் தேவையில்லை. நல்ல காரியத்துக்குப் பரிந்து பேசுவது நம் மார்க்கமும் ஊக்குவிப்பதே.

அவர்களின் பெரிய போராட்டம் மாநிலங்களில் நடக்கிறது. கண்ணாடிக்குப் பார்வை அளந்து, கண் நோய்களையும் ஓரளவு கவனிக்கும் ஆப்டோமெட்ரிஸ்டுகள் அங்கே கண் மருத்துவர்களைப்போல் இரு மடங்குக்கும் அதிகமாக இருக்கிறார்கள். பட்டப்படிப்புக்குப் பின் நான்காண்டு படித்தவர்கள். கண் மருத்துவரோ நான்காண்டு மருத்துவக் கல்லூரியும், அதன்மேல் மருத்துவமனையில் குறைந்தது நான்காண்டுப் பயிற்சியும் முடித்தவர். கண்புரை நீக்கியபின் லென்ஸுக்குப் பின்னால் படரும் மங்கலை லேசரால் திறப்பது போன்ற சில சிகிச்சைகளைத் தாங்களும் செய்ய அனுமதி வேண்டும் என்று ஆப்டோமெட்ரிஸ்டுகள் கேட்கிறார்கள். கிராமத்து முதியவர் கண் மருத்துவரைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறதே என்பது அவர்கள் வாதம். கத்தியும் லேசரும் அறுவை பயின்றவர் கையில்தான் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இரண்டின் அடியிலும் வருமானமும் இருக்கிறது.

ஓக்லஹோமா 1998-இல் முதலாவதாக அனுமதித்தது. 2011 பிப்ரவரியில் கென்டக்கி மாநிலத்தில் அத்தகைய மசோதா ஒன்று மின்னல் வேகத்தில் நிறைவேறி, ஆளுநரின் கையொப்பமும் பெற்றது. பின்னர் நாளேடுகள் கணக்கைப் புரட்டியபோது, சட்டமன்ற உறுப்பினர்கள் 138 பேரில் 137 பேர் ஆப்டோமெட்ரிஸ்டுகளிடமும் அவர்களின் உண்டியலிலும் இருந்து நன்கொடை பெற்றிருந்தது வெளிப்பட்டது. கொடுத்தது சட்டத்துக்கு உட்பட்டே. கண் மருத்துவர்கள் கற்றுக்கொண்ட பாடமோ, நாமும் கொடுக்க வேண்டும் என்பது! 2022-இல் வர்ஜீனியா லேசரை அனுமதித்தது. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் ஆளுநர் நியூசம், பயிற்சி போதாதென்று கூறி அவ்வகை மசோதாவைத் திருப்பி அனுப்பினார். வர்ஜீனியா முதியவரின் கண்ணும் கலிபோர்னியா முதியவரின் கண்ணும் ஒன்றுதான்.

இங்கே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, ஒரு பகுதியைக் காட்டி இது உங்களுக்குரியது என்றும், மற்றொன்றைக் காட்டி இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றும் சொன்னார். பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, இவர் தம் பெற்றோரின் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் வினவினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற செய்தி இது. இவ்வளவு கூர்மையான உரைகல்லை எந்தத் தேர்தல் ஆணையமும் கண்டுபிடிக்கவில்லை. கென்டக்கி உறுப்பினர்கள் 137 பேரையும் இந்த உரைகல்லில் தேய்த்தால் மிஞ்சுபவர் எத்தனை பேர்? கண் மருத்துவர்களின் உண்டியலில் பெற்றவர்களைத் தேய்த்தாலும் அதே கேள்விதான்.

அகாதமி மற்றொரு நிதியும் வைத்திருக்கிறது. மாநிலப் போராட்டங்களுக்கென்றே உள்ள 'சர்ஜிக்கல் ஸ்கோப் நிதி' அது. வேட்பாளர்களுக்கு அதிலிருந்து கொடுப்பதில்லை. ஆகவே வரம்பும் இல்லை, கொடுத்தவர் பெயரும் வெளிவராது. இரகசியம் காக்கப்படும் என்பதையே ஒரு வசதியாக எடுத்துச் சொல்லி அதற்கு நன்கொடை கேட்கிறார்கள். தாயாரின் மகன் எந்தக் கடிதத்தைக் கையில் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து நம் எண்ணமும் மாறும். பெயர் பதிவேட்டில் ஏறும் உண்டியலில் சிறு தொகை போடுபவரை நாம் குறை சொல்லத் துணியமாட்டோம். அவர் யாருக்குக் கொடுக்கப்பட்டதென்று கணக்குப் பார்க்கும் பட்சத்தில். இடக்கைக்குத் தெரியாமல் வலக்கை கொடுப்பது தர்மத்துக்கு அழகு. சட்டம் இயற்றும் இடத்துக்குப் போகும் பணத்துக்கு அது அழகாகாது.

மறைவான பணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2019-ஆம் ஆண்டு காட்டியது. மயக்கமுற்ற நிலையில் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்படுபவர், அங்கே தமக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் தம் காப்பீட்டில் சேர்ந்தவரா என்று விசாரிக்க முடியுமா? குணமாகி வீடு திரும்பியபின் ஆயிரக்கணக்கான டாலருக்குத் தனி பில் வந்து நிற்கும். இதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவர முயன்றபோது, 'டாக்டர் பேஷன்ட் யூனிட்டி' என்ற பெயரில் ஓர் அமைப்பு திடீரென முளைத்து, 2 கோடியே 80 இலட்சம் டாலருக்கு மேல் விளம்பரங்களுக்குக் கொட்டி உறுப்பினர்களை மிரட்டியது. பணம் யாருடையது என்று அது சொல்லவில்லை. செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் துருவியபோது, அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு மருத்துவர்களை வழங்கும் டீம்ஹெல்த், என்விஷன் என்ற இரு கம்பெனிகளும், அவற்றை வாங்கி வைத்திருந்த முதலீட்டு நிறுவனங்களான பிளாக்ஸ்டோனும் கே.கே.ஆரும் வெளிப்பட்டன. சட்டம் ஓராண்டுக்கு மேல் தாமதமாகி 2020 டிசம்பரில்தான் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில். இடைப்பட்ட காலத்தில் அந்த பில்களைக் கட்டியவர்களின் வீட்டுத் தொலைக்காட்சியிலும், மருத்துவரும் நோயாளியும் ஒன்று என்ற அந்த விளம்பரம் ஓடியிருக்கும்.