நலவாழ்வுப் பகுதி: எழுந்து நின்றால் வரும் மயக்கம்

நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றில், கல்லூரியிற் பயிலும் பெண்ணொருத்தி காலையில் எழுந்து நின்றதும் கண் இருண்டு, நெஞ்சு படபடத்துச் சுவரைப் பற்றிக்கொள்வாள். படிப்புக்கு அஞ்சிச் செய்யும் பாசாங்கு என்றே வீட்டார் நெடுநாள் எண்ணியிருந்தனர். மருத்துவரோ சோதித்துப் பார்த்து, அவளுக்கு உப்பைக் கூட்டச் சொன்னார். பாட்டனாருக்கு இரத்தக் கொதிப்பு உண்டாதலின், அவ்வீட்டில் உப்பைக் குறைத்தே சமையல். "ஒரே வீட்டில் இருவருக்கு இருவேறு நீதியா?" என்று வீட்டம்மையார் நம்மை வினவினார். நாம் மருத்துவர் அல்லோம்; எனினும் படித்தறிந்ததை இங்கே கூறுவோம்.

ஒருவர் எழுந்து நிற்கும்போது, அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. உடனே நரம்புகள் இதயத்தை விரைவுபடுத்தி, இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கின்றன. இது நொடிப்பொழுதில் முடியும் வேலை. இரத்தத்தின் அளவையே குறையாது காக்கும் நெடுநாட் பொறுப்பு சிறுநீரகங்களைச் சார்ந்தது.

அவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அந்நீரில் உள்ள சோடியத்தைச் சமையலுப்பாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ ஆகும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் இரத்தத்திற்கே திரும்பிவிடுகிறது. சில கிராம் மட்டுமே வெளியேறுகிறது. உப்பு தங்கினால் நீரும் தங்கும். உப்பு கழிந்தால் நீரும் கழியும்.

இரத்தம் குறைந்தால் சிறுநீரகம் 'ரெனின்' என்னும் பொருளைச் சுரக்கும். அதன் தூண்டுதலால் அட்ரினல் சுரப்பி 'ஆல்டோஸ்டிரோன்' சுரந்து, உப்பை விடாதே என்று சிறுநீரகத்திற்கே ஆணையிடும்.

அப்பெண்ணுக்கு வந்துள்ள நோய்க்குப் 'போட்ஸ்' என்று பெயர். 1993ஆம் ஆண்டில் இப்பெயர் வழங்கலாயிற்று. நின்ற பத்து நிமிடங்களுக்குள் நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 30க்குக் குறையாமல் கூடும். 12 முதல் 19 வயதினர்க்கு இவ்வெல்லை 40. இரத்த அழுத்தமோ அவ்வளவாக வீழ்வதில்லை. இளம் பெண்களிடமே இது மிகுதி. இவர்களுள் பலருக்கு இரத்த அளவு குறைவாயிருந்தும், ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் உயர வேண்டிய அளவு உயரவில்லை என்று 2005இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டிற்று. ஆணை பிறவாதபோது சிறுநீரகம் எவ்வாறு உப்பைக் காக்கும்? மிகுந்த உப்புணவால் இரத்தநீர் கூடி, நிற்கும்போதுள்ள நாடிவேகம் தணிகிறது என்று 2021இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு கூறுகிறது. ஆயினும் நோய் முற்றும் நீங்கிவிடவில்லை.

நரம்புத் தளர்ச்சியால் முதியோர் சிலருக்கு வரும் மயக்கம் வேறு வகை. படுத்திருக்கையில் அவர்தம் இரத்த அழுத்தம் ஏறுவதால், சிறுநீரகம் இரவெல்லாம் உப்பையும் நீரையும் கழித்துவிடும். ஆகவே விடியற்காலையில் எழும்போது துன்பம் மிகும். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி வைப்பது இவர்களுக்குப் பயன் தரும்.

இதைப் படித்துவிட்டு எவரும் தாமாகவே உப்பை அள்ளியுண்ணத் தொடங்கலாகாது. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக என்பதே உலக சுகாதார நிறுவனம் பொதுமக்களுக்குக் கூறும் அளவு. இரத்தக் கொதிப்பு, இதய நோய், சிறுநீரக நோய் உடையோர்க்கு மிகையுப்பு பெருந்தீங்கு. யாருக்கு எவ்வளவு என்பதை மருத்துவரே வரையறுக்க வேண்டும். உப்புடன் போதிய நீரும் பருக வேண்டும்.

அவ்வீட்டில் இப்போது சமையல் பாட்டனாருக்கு ஏற்றபடியே நடைபெறுகிறது. பெண்ணின் தட்டோரத்தில் மட்டும் மருத்துவர் சொன்ன அளவு உப்பு வைக்கப்படுகிறது. மோரிலும் கலந்து தரப்படுகிறது. நீதி ஒன்றே, உடல்கள்தாம் வேறு.

வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பிள்ளை நிற்க முடியவில்லை என்றால், பாசாங்கு என்று கடியுமுன், படுத்திருக்கும்போது ஒருமுறையும் எழுந்து நின்றபின் ஒருமுறையும் நாடியை எண்ணிப் பாருங்கள். அக்கணக்கை மருத்துவரிடம் காட்டுங்கள். தலைசுற்றினால் உடனே படுக்க வையுங்கள்.