ஆயிரம் பெட்டியா, பதினைந்து பெட்டியா?

ஜியோகேஷிங் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்கோ ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியோடு தேடிப் போய், உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். அந்தப் பெட்டிக்குக் 'கேஷ்' என்று பெயர். உள்ளே பணம் இருக்குமோ என்று ஆசைப்பட வேண்டாம் :-)

ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியது. உடனே டேவ் உல்மர் என்பவர் ஆரெகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் அருகே ஒரு வாளியை ஒளித்து வைத்தார். மூன்றே நாளில் இரண்டு பேர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். விளையாட்டு பிறந்தது இப்படித்தான். ஒரு வாளி, அதைத் தேட ஒரு பயணம்.

பத்து வருடத்தில் அது எங்கே வந்து நின்றது தெரியுமா? நெவாடாவின் 375-ஆம் எண் சாலையில். ஏரியா 51 பக்கத்தில் இருப்பதால் 1996-இல் அதற்கு 'வேற்றுக்கிரகவாசி நெடுஞ்சாலை' என்றே மாநில அரசு பெயர் வைத்தது. நீளம் 98 மைல். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குறைந்தது பத்தில் ஒரு மைல், அதாவது 161 மீட்டர், இடைவெளி வேண்டும் என்பது விதி. அந்தக் குறைந்தபட்ச இடைவெளியிலேயே 2010-இல் சாலையோரமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை வைத்துவிட்டார்கள். பெரும்பாலும் பழைய ஃபிலிம் டப்பாக்கள், மேலே நாலு கல்.

ஒரே நாளில் ஆயிரம் என்று கிளம்பினால் 24 மணி நேரமும் தூங்காமல் போனாலும் ஒரு பெட்டிக்கு 86 நொடிதான். அதனால் சிலர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இந்த டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடிவந்து காரில் ஏறி, ஓடும் காரிலேயே தாளில் கையெழுத்துப் போட்டு, அடுத்த இடத்தில் இதை வைத்துவிட்டு அங்கே இருப்பதை எடுத்துக்கொள்வது! இதற்குப் பெயர் தேடலா? கூரியர் வேலை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நாலு நண்பர்கள் ராத்திரி பகலாகச் சேர்ந்து கூத்தடிப்பதில் ஒரு ஆனந்தம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் ஆயிரம் தடவை நிறுத்தி, ஆயிரம் தடவை கதவைத் திறந்து, ஆயிரம் தடவை மறுபடி சாலையில் ஏறுவது விளையாட்டல்ல. பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் எதற்காக நிற்கிறீர்கள் என்று தெரியாது. பாதுகாப்பைக் காரணம் காட்டி நெவாடா போக்குவரத்துத் துறை கேட்டுக்கொண்டதால் 2011-இல் அந்த வரிசையை நீக்க வேண்டி வந்தது. பிறகு திரும்ப வைத்தார்கள் என்பது வேறு கதை. என்னைக் கேட்டால், துறை கேட்டது நியாயமே.

எனக்கு அதே சாலையில் ஒரு நாள் கிடைத்தால் பதினைந்து பெட்டிதான் குறித்துக்கொள்வேன். பத்துப் பெட்டி கண்டுபிடித்தால் ஒன்றுக்கு விருப்பப் புள்ளி தரலாம் என்று ஜியோகேஷிங் தளத்திலேயே கட்டண உறுப்பினர்களுக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. பத்தில் ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி! அந்தப் புள்ளி அதிகம் வாங்கியவற்றை மட்டும் முந்தின இரவே போனில் இறக்கிக்கொள்ள வேண்டும். வழியில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

லாஸ் வேகாஸிலிருந்து விடிகாலையில் கிளம்பி, ஆலமோவில் பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பிக்கொண்டு, கிறிஸ்டல் ஸ்பிரிங்ஸில் திரும்பி மேற்கே போகவேண்டும். காலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், கண் கூசாது. தார்ச்சாலையை விட்டு முழுசாக இறங்கி நிறுத்த முடியாத இடமென்றால் அந்தப் பெட்டியே வேண்டாம். கல்லுக்கு அடியில் கையை விடாமல் முதலில் குச்சியை விடுங்கள், சலங்கைப் பாம்பு உள்ள ஊர் அது. வேலி இல்லாத மேய்ச்சல் நிலமாதலால் சாலையில் மாடு நிற்கும் (நமக்கு இது புதுசா என்ன!). மதியச் சாப்பாட்டுக்கு ரேச்சல் கிராமத்தில் 'லிட்டில் ஏலியின்' உணவகம். ஏலியனையும் விடுதியையும் ஒட்டவைத்த பெயர். அங்கே அரை மணி உட்கார்ந்தால் அறுபது டப்பாவில் கிடைக்காத கதை கிடைக்கும். ஏரியா 51 எல்லைப் பலகையைத் தாண்டி மட்டும் ஒரு அடி வைக்காதீர்கள்.

பதினைந்தில் மூன்று நாலு கிடைக்காமலும் போகலாம். கிடைக்காத இடத்தில் சொந்த டப்பா ஒன்றைப் போட்டுவிட்டு 'கண்டேன்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 'கிடைக்கவில்லை' என்றே பதிவு செய்யுங்கள். வைத்தவர் வந்து பார்த்து, தொலைந்திருந்தால் புதிதாக வைக்க அந்த ஒரு வரிதான் உதவும்.