வாங்குபவருக்கும் நபி (ஸல்) அவர்கள் பாடம் நடத்தினார்கள்

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மனைவியோடு உம்ரா போய் வந்து ஒன்றரை ஆண்டு நெருங்குகிறது. இருவருக்கும் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல் கட்டியிருக்கிறார். ஹரமிலிருந்து 400 மீட்டரில் ஓட்டல் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். அங்கே போய் இறங்கினால் பஸ் பிடித்துத்தான் ஹரமுக்கு வர வேண்டியிருந்தது. மூட்டுவலிக்கார மனைவிக்குப் பல வக்துகள் ஜமாஅத் கிடைக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் ஏங்கிப் போன பயணம் அது.

"புகார் கொடுத்தீர்களா?" என்று கேட்டேன்.

"அல்லாஹ்வுடைய விருந்தாளியாகப் போய்விட்டு வந்து வழக்குப் போடுவதா ஹஜ்ரத்? சபூர் செய்துவிட்டோம். பேசினால் கீபத்தாகிவிடும் என்று பயம்" என்றார்.

அவர் நல்ல மனிதர். ஆனால் அவருக்கு சபூரையும் கீபத்தையும் இப்படிச் சொல்லிக் கொடுத்தது யார்? மிம்பரில் நிற்கும் நாங்கள்தான்.

அளவையில் மோசடி செய்வோருக்குக் கேடு என்று எச்சரிக்கும் சூரா முதஃப்பிஃபீனை எத்தனையோ பயான்களில் ஓதியிருக்கிறோம். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸை வியாபாரிகள் சங்கக் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறோம். எல்லாம் விற்பவருக்கான நஸீஹத். வாங்குபவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் ஹதீஸ் இருக்கிறது. அதைத்தான் எடுத்துச் சொல்வதில்லை.

தலையில் அடிபட்டுப் பேச்சும் சிந்தனையும் சற்றுத் தடுமாறிய ஒரு நபித்தோழர் இருந்தார். ஹிப்பான் பின் முன்கித் (ரலி) என்றும், அவருடைய தந்தை என்றும் இரு விதமாக அறிவிக்கப்படுகிறது. கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் ஏமாற்றப்படுவார். இவரைக் கொடுக்கல் வாங்கலிலிருந்து தடுத்துவிடுங்கள் என்று குடும்பத்தார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டதாக அபூதாவூதில் இருக்கிறது. நபியவர்களும் முதலில் தடுத்தார்கள். வியாபாரம் இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்றார் அவர். அப்படியானால் வாங்கும்போது, இதில் ஏமாற்று வேலை கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிவிடும்படி அவருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். இந்தச் செய்தியின் சுருக்கம் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. வாங்கியது பிடிக்காவிட்டால் மூன்று இரவுகளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் அவருக்குத் தரப்பட்டதாக இப்னு மாஜா அறிவிக்கிறது. முஸ்லிமின் அறிவிப்பில், அந்தச் சொல்லைச் சரியாக உச்சரிக்கக்கூட அவருக்கு நாக்கு வரவில்லை. ஆனாலும் சொன்னார்.

இமாம் அபூஹனீஃபா, இமாம் ஷாஃபிஈ (ரஹ்) இருவரும் மூன்று நாள் கியாருக்கு இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். பொருளில் மறைந்திருந்த குறை பிறகு தெரிந்தால் திருப்பித் தரலாம் என்ற கியாருல் ஐபையும் மதரஸாவில் ஓதினோம். எங்கள் கிதாபுகளில் அதற்கு உதாரணம் அடிமையும் ஒட்டகமும். செல்போனும் ஃப்ரிட்ஜும் அதில் அடங்கும் என்று எனக்கே பட்டப்படிப்புக்குப் போன பிறகுதான் உறைத்தது.

கீபத் விஷயத்துக்கு வருவோம். கீபத் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களை இமாம் நவவீ (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில் பட்டியலிடுகிறார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் அதிகாரம் உள்ளவரிடம் முறையிடுவது அதில் முதலாவது. பிறர் ஏமாறாமல் எச்சரிப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு.

நம் நாட்டில் அந்த அதிகாரம் உள்ள இடம் எது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986ல் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு செய்து தரும் எந்தச் சேவையும் இதில் அடங்கும். உம்ரா பயண ஏற்பாடும் அப்படியே. சொன்னதைச் செய்யாமல் விடுவது சேவைக் குறைபாடு. தெரிவிக்க வேண்டியதை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான். வழக்கை நிறுவனம் இருக்கும் ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம். பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடுவதும் உண்டு.

ஜவுளிக்கடை பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வாய் மூடிக்கொள்கிறோம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில் தராமல் இருப்பதும் இந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் சொல்லப்படாவிட்டால் 30 நாள் கணக்கு. நிறம் பிடிக்கவில்லை என்று போய் நின்றால் இது பொருந்தாது, அதையும் சொல்லிவிட வேண்டும். நகை விஷயத்திலும் இதே அலட்சியம்தான். மகள் கல்யாணத்துக்குப் பவுன் பவுனாக வாங்குகிறோம். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறியீடு கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைத் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். தெரிந்த பாய் கடை என்று அதைக்கூடப் பார்ப்பதில்லை.

இந்த "தெரிந்த பாய்" விஷயத்தில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. இவ்வளவு பேரைச் சேர்த்துவிட்டால் ஆலிமுக்கு ஒரு இடம் இலவசம் என்று சில பயண நிறுவனங்கள் பேசுவது ஊரறிந்த ரகசியம். நோட்டீஸில் ஆலிமின் படத்தைப் பார்த்துத்தான் மக்கள் பணம் கட்டுகிறார்கள். ஒருவருடைய பெயரும் உருவமும் அவருடைய பரிந்துரை என்று மக்கள் நம்பும்படி இருந்தால் சட்டம் அவரையும் விளம்பரத்தை ஆதரித்தவராகவே பார்க்கிறது. பொய் விளம்பரத்துக்குத் துணை நின்றவருக்கு 10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். உண்மையை உரிய முறையில் விசாரித்த பிறகு பரிந்துரைத்தவருக்கு மட்டுமே விலக்கு. பெங்களூரில் ஹலால் முதலீடு என்ற பெயரில் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019ல் சரிந்தபோது பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களே. மார்க்கப் பேச்சை நம்பி நகையை விற்றுப் போட்ட குடும்பங்கள் அதில் உண்டு. அதன் பிறகும் விசாரிக்காமல் படம் கொடுக்கிறோம் என்றால் என்ன சொல்வது!

உம்ராவுக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் ஓட்டலின் பெயர், ஹரமிலிருந்து எத்தனை மீட்டர், ஓர் அறைக்கு எத்தனை பேர், பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "ஹரமுக்கு அருகில்" என்ற சொல்லை ஏற்காதீர்கள். நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய விவரம் எதையும் அழிக்காதீர்கள். கேட்டால் கோபப்படுகிற நிறுவனம் என்றால் வேறு இடம் பார்க்கலாம். ஹஜ், உம்ரா விளக்க வகுப்பில் இஹ்ராம், தவாஃப், ஸஃயு சொல்லித் தருகிறோம். அதோடு இதற்கும் அரை மணி நேரம் ஒதுக்கலாம் என்று எங்கள் ஜமாஅத்தில் பேசியிருக்கிறேன். நிர்வாகத்தில் ஒருவருக்கு மட்டும் முகம் சுருங்கியது. அவருடைய மச்சான் டிராவல்ஸ் நடத்துகிறார்.

அந்தப் பெரியவருக்கு இரண்டாண்டுக் கெடு முடிய இன்னும் ஏழு மாதம் போல இருக்கிறது. 400 மீட்டர் என்று அச்சடித்த நோட்டீஸை அவர் மனைவி குர்ஆன் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார்கள். வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு மனு எழுத உட்காருகிறோம், இன்ஷா அல்லாஹ்.