மக்காச்சோளமும் தீவனக் கணக்கும்

பன்றியும் கோழியும் வளர்ப்போர்க்கு நேரும் செலவுகளுள் தலையாயது தீவனச் செலவே. அத்தீவனத்திற் பெரும்பகுதி மக்காச்சோளம். அஃது ஆற்றலை நிரம்பத் தரும். ஆயினும், தசை வளர்தற்கு இன்றியமையாத லைசின், டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலங்கள் அதிற் குறைவு. மாட்டிற்கு இக்குறை பெரிதன்று; அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே அவற்றை ஆக்கிக் கொடுத்துவிடும். பன்றிக்கும் கோழிக்கும் அப்பேறு வாய்க்கவில்லை. ஆகவே, விலைமிகுந்த சோயாப் புண்ணாக்கைக் கலந்தே அவற்றிற்குத் தீவனம் அமைக்கின்றனர்.

அமெரிக்க நாட்டுப் பர்டியூ பல்கலைக்கழகத்தார், ஒருவகை மக்காச்சோளத்தின் புரதத்தில் லைசின் ஏறத்தாழ இருமடங்கு இருத்தலை 1964-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆனால், அதன் மணி மென்மையானது; எளிதில் வண்டு துளைத்தது; விளைச்சலும் குன்றியது. பின்னர் மெக்சிகோவில் சுரிந்தர் வாசல், எவாஞ்சலினா வில்லேகாஸ் என்னும் இருவர் பல்லாண்டு உழைத்து, மணியைக் கடினமாக்கி, விளைச்சலையும் உயர்த்தினர். 2000-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவர்கட்கு வழங்கப்பெற்றது.

அறிவியலின் வெற்றி இது, ஐயமில்லை. உழவனுக்கு ஊதியம் உண்டா என்பதே என் வினா. சாதாரண மக்காச்சோளம் 100 கிலோவில் லைசின் ஏறத்தாழ 250 கிராம். திருந்திய வகையில் 400 கிராம். மிகுதியான 150 கிராம், ஏறக்குறைய 5 கிலோ சோயாப் புண்ணாக்கில் உள்ள அளவாகும். புண்ணாக்கின் விலை மக்காச்சோள விலையைப்போல் இருமடங்கு எனக் கொள்வோம். அந்த 5 கிலோவிற்கு ஈடாக மக்காச்சோளத்தையே இட்டால், மிஞ்சும் ஆதாயம் 5 கிலோ மக்காச்சோளத்தின் விலையே. விளைச்சல் நூற்றுக்குப் பத்துக் குறையுமாயின் எல்லாம் இழப்பு! ஆலையிற் செய்த லைசின் தூளோ 200 கிராம் இருந்தாற் போதும். அத்தூளில் டிரிப்டோபன் இல்லை என்பது மெய். அதன்பொருட்டுச் சிறிது கூட்டி மதிக்கலாம், அவ்வளவே.

மேலும், இருவகை மணிகளையும் கண்ணாற் பிரித்தறிதல் அரிது. அயல்வயலின் மகரந்தம் படிந்தால் மணியின் தரமும் கெடும். எடையளவில் வாங்கும் வணிகர் இதற்கென மிகுவிலை கொடார்.

ஆயினும், தன் வயலில் விளைந்ததைத் தன் பன்றிக்கே இடுபவனும், புண்ணாக்கும் தூளும் எட்டாத ஊரில் வாழ்பவனும் இவ்விதையாற் பயன்பெறுவர். கானா நாட்டில் 1992-இல் வெளியிடப்பெற்ற ‘ஒபாட்டன்பா’ என்னும் வகை விளைச்சலிலும் சிறந்தது, மக்களுக்கும் உணவாவது. அப்பெயர்க்கு ‘நற்றாய்’ என்பது பொருளாம். அத்தகைய ஊர்களுக்கே இவ்விதையை முதலில் வழங்குதல் தகும். தீவன ஆலைகள் மிகுந்த இடங்களில், தரம் ஆய்ந்து விலை கொடுக்கும் ஏற்பாடு வந்தபின் வழங்கலாம்.