அரசரடியில் ஒரே மெஸ், ஞாயிற்றுக்கிழமை வேற சபை

கோச்சடைக்குப் பக்கத்திலேயே அரசரடி. அங்கே இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, 1969-ல் சி.எஸ்.ஐ.யும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து ஆரம்பித்தது. நாளைய ஆயர்கள் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள், ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறார்கள். பட்டம் வாங்கி கேட்டைத் தாண்டியதும் அவர் அந்தச் சபை, இவர் இந்தச் சபை! படிக்கும்போது இல்லாத பிரிவு பிரசங்கம் பண்ணும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது?

கேட்டால் "கொள்கை வித்தியாசம்" என்பார்கள். 1947-ல் இல்லாத வித்தியாசமா? அந்த வருஷம் செப்டம்பர் 27-ம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபுகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது. பிஷப் கட்டாயம் வேண்டும் என்றவர்களும் பிஷப்பே வேண்டாம் என்றவர்களும் ஒரே கூரைக்குள் வந்தார்கள். சும்மா வரவில்லை, 28 வருஷ இழுபறி. ஏற்கனவே குருப்பட்டம் பெற்றவர்களுக்கு மறுபடி பட்டம் கொடுக்கத் தேவையில்லை, மனசாட்சிக்கு ஒவ்வாத ஆயரை எந்தச் சபை மீதும் திணிக்கக் கூடாது என்று பேசிப் பேசித்தான் முடித்தார்கள்.

மதுரைக் கதை இன்னும் சுவாரஸ்யம். 1834-ல் வந்த அமெரிக்கன் மிஷன் வளர்த்த ஊர் இது. பிஷப் என்ற பேச்சே கிடையாது. அந்த ஊருக்கு 1947-ல் முதல் பிஷப்பாக வந்தவர் லெஸ்லி நியூபிகின். அவரும் பிஷப்பே இல்லாத ஸ்காட்லாந்து சபைக்காரர், வயசு 37! மதுரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

லுத்தரன்காரர்களோடு பேச்சு தொடங்கியது 1948-ல். ஐம்பதுகளில் கொள்கை விஷயங்களில் கூட்டறிக்கைகளே வந்தன. அப்புறமும் இணைப்பு மட்டும் நடக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், 1919-ல் அசரியா முதலானோர் கூடி ஒற்றுமைக்குக் குரல் கொடுத்த இடம் தரங்கம்பாடி. 1706-ல் சீகன்பால்க் வந்து இறங்கிய, லுத்தரன் சபையின் தாய்வீடு!

அப்படியானால் தடை எது? பள்ளிக்கூடம், காலேஜ், நிலம், பதவி, தேர்தல். இரண்டு சபை ஒன்றானால் இரண்டு நாற்காலியில் ஒன்று போகும். இதை யாரும் மேடையில் சொல்வதில்லை. (ஒரே சபைக்குள்ளேயே சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள் தனிக்கதை.)

"பெரிய சபை எங்களை விழுங்கிவிடும்" என்ற லுத்தரன் பயத்தில் நியாயம் இருக்கிறது. எண்ணிக்கையில் சி.எஸ்.ஐ. பெரியதுதான். ஆனால் அதே பயம் 1947-ல் காங்கிரகேஷனல்காரர்களுக்கும் இருந்தது. அதற்காகத்தானே அந்தத் திணிக்கக் கூடாது என்ற வாக்குறுதி?

இணைப்பு இருக்கட்டும். அரசரடியில் ஒரே பேட்ச்சில் படித்த லுத்தரன் ஆயரை முதல் ஒரு வருஷம் சி.எஸ்.ஐ. சபையிலும், சி.எஸ்.ஐ. ஆயரை லுத்தரன் சபையிலும் போடட்டுமே. இதற்கு ஒரு சொத்துப் பத்திரத்தைக்கூட மாற்றி எழுத வேண்டியதில்லை.